கறி, மீன், குடி கிடையாது: ரெயூனியனில் நாங்கள் தங்கிய வீடு

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேற்குக் கரையில், சேன் ஜில் பக்கம், கடலை ஒட்டிய ஹோட்டலைத்தான் தேடுகிறார்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஆட்கள் அவ்வளவு தூரம் போய்விட்டு, ஒரு மலபார் குடும்பத்தின் வீட்டில் (தமிழ் வம்சாவளிக்காரர்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) ஓரிரண்டு நாளாவது தங்காமல் திரும்பினால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நாங்கள் போனது தைப்பூசத்தை ஒட்டி. மைத்துனன் தீவின் தலைநகரான சேன் தெனியில் வேலை பார்க்கிறான். அவன் ஃப்ளாட்டில் நாங்களும் போய்ப் படுத்தால் யாராவது ஒருவர் பால்கனிக்குப் போக வேண்டியதுதான். அதனால் ஊருக்கு வெளியே, லா பிரத்தாஞ் பக்கம் மலைச்சரிவில் ஒரு வீட்டை அவனே பிடித்துக் கொடுத்தான். தகரக் கூரை, முன்னால் நீளமான வராந்தா, பின்னால் விறகடுப்புக்குத் தனிக் கொட்டகை, தூரத்தில் கீழே கடல். இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு 70 யூரோ.

குடும்பம் குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தாளிக்கு அறை விடுகிற இதை அங்கே ‘ஷாம்பர் தோத்’ என்பார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி இதற்கு அஞ்சு அறைக்கு மேல் கூடாது, மொத்தம் 15 பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது, மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர்களே இருந்து விருந்தாளியை வரவேற்க வேண்டும், காலைச் சாப்பாடு கட்டாயம். ராத்திரிச் சாப்பாடும் போடுவதென்றால் எல்லாருக்கும் ஒரே சமையல், குடும்பத்தோடு ஒரே மேஜை. பாண்டிச்சேரிக்காரனான எனக்கு பிரெஞ்சுச் சட்டங்கள்மேல் பெரிய பாசம் எல்லாம் இல்லை, ஆனால் இதை எழுதியவருக்கு ஒரு கும்பிடு போடலாம். கேட்டில் தொங்கும் பெட்டியில் நம்பர் போட்டுச் சாவி எடுத்து, தங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்புகிற வாடகை வீடுகள்தான் இப்போது எல்லா ஊரிலும் பெருகிக் கிடக்கின்றன.

முன்பணம் கட்டியதும் வீட்டம்மாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. வீட்டில் இரண்டு பேர் காவடி எடுக்கிறார்கள், பத்து நாள் விரதம், ஆகவே அந்த நாட்களில் கறி, மீன், முட்டை, மது எதுவும் வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது, சம்மதம் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று. என் மனைவி அதைப் படித்துவிட்டு, “நம்ம வீட்டுப் பெரியம்மா எழுதின மாதிரியே இருக்கு” என்றாள். எங்களுக்கென்ன, சந்தோஷம்தான்.

அதே சமயம் பிரான்ஸிலிருந்து வந்து தங்கியிருந்த ஓர் இளம் ஜோடி அந்தச் செய்தியை முழுதாகப் படிக்கவில்லை போல. அவர்கள் தீவுக்கு வந்ததே தொத்திறைச்சி ருகாயும் (தக்காளி, மிளகாய் போட்ட தொக்கு மாதிரி) பழம் ஊறப்போட்ட ரம்மும் ருசி பார்க்க. முதல் நாள் ராத்திரி மேஜையில் பிஞ்சுப் பலாக் கறி, பருப்பு, முருங்கைக்கீரை, சோறு, காய்கறி அஷார் (ஊறுகாய்) என்று வந்ததும், சிரித்த முகத்தோடு சாப்பிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அவர்களுடைய வாடகைக் கார் கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றது. உள்விளக்கு எரிகிறது, இரண்டு பேரும் மடியில் பொட்டலம் பிரித்து, சீஸ் ஒழுக ஒழுக பூஷோன் சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். பூஷோன் என்பது சீனர்கள் அந்தத் தீவுக்குக் கொடுத்த பன்றிக்கறி உருண்டை. வீட்டுப் பாட்டி இதை வராந்தாவிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், வாழையிலைத் துண்டில் ஒரு கை அஷார் வைத்து, கேட் வரைக்கும் நடந்துபோய் ஜன்னல் வழியாக நீட்டினார். ஊறுகாய் இல்லாமல் எப்படித் தின்பீர்கள் என்றும், இலையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம் என்றும் தீவின் பேச்சுமொழியான க்ரெயோலில் சொன்னார். அந்தப் பையன் காது வரைக்கும் சிவந்துபோனான்.

அந்த அஷாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் எல்லாவற்றையும் தீக்குச்சி கனத்துக்கு நறுக்குகிறார்கள். எண்ணெயில் இஞ்சி, பச்சைமிளகாய், வெங்காயம், நிறைய மஞ்சள் போட்டு, காய் வதங்கியும் வதங்காமலும் இருக்கும்போதே இறக்கி, கொஞ்சம் வினிகர் விடுகிறார்கள். மஞ்சள் தீவிலேயே விளைவது. மொறுமொறுவென்று இருக்கும், நாலு நாள் கெடாது, சாப்பிட்ட விரல் மட்டும் சாயம் போகாது.

வீட்டுக்காரர் லீவு போட்டுத்தான் விரதம் இருந்தார், ஏனென்றால் பக்கத்து மொரீஷியஸில் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு, இங்கே கிடையாது. பகலெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்து காவடிக்கு மூங்கில் வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கொடியில் காவடிக்கான ரோஜா நிற உடுப்புகள் காய்ந்தன.

இன்னொரு அறையில் யாழ்ப்பாணத்துக் குருக்கள் ஒருவர். கோயில்காரர்கள் திருவிழாவுக்காக வரவழைத்து அங்கே தங்க வைத்திருந்தார்கள். எங்கள் பேச்சைக் கேட்டதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டிதான், ஜனவரியில் மத்தியானமே மேகம் இறங்கிவிடுவதால் காலையில் தண்ணீர் வெதுவெதுப்புக்கூட இராது. குழாயடியில் நின்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு, “தம்பி, பச்சைத் தண்ணிதான் உடம்புக்கு நல்லம், வடிவாய்க் குளியுங்கோ” என்றார். சாயங்காலங்களில் எங்கள் மூவரின் பேச்சுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுப் பெண் வந்து உட்காருவாள். தமிழ்ச் சங்கத்து வகுப்பில் தமிழ் படிக்கிறாள், எழுத்து தெரியும், பேச்சு வராது. ஐயாவின் விபூதிப் பொட்டலத்தில் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள், விலை, எடை, பின்கோடு உட்பட. அவர் ஒரு வரியையும் விடவில்லை, திருத்தித் திருத்தி வாசிக்க வைத்தார்.

குறை இல்லாமல் இல்லை. அறைச்சுவர் பலகை, பக்கத்து அறையில் இருமினால் நாம் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவோம். தெரு நாய்கள் விடிய விடியக் குரைக்கின்றன. கொசு உண்டு, ஆனால் வீட்டம்மா தினமும் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துவிட்டுத்தான் காபி போடுவார். 2005-06 சிக்குன்குனியாவில் தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் படுத்துவிட்டார்கள், இந்த வீட்டில் எல்லாருமே. பாட்டிக்கு முழங்கால் இன்னும் அதைச் சொல்கிறதாம்.

போகிறவர்கள் பதிவு செய்யும்போதே வீட்டில் விரதம் ஏதும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூசம் மட்டுமல்ல, தீமிதிக்கும் இதே கட்டுப்பாடுதான். ராத்திரிச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அடுப்பு ஒன்று, சமையல் ஒன்று. ஜனவரி, பிப்ரவரி புயல் காலம், சிவப்பு எச்சரிக்கை விட்டால் வெளியே நடமாட அனுமதி இல்லை, அதனால் விமான டிக்கெட்டை மாற்றிக்கொள்ளும்படி எடுங்கள். கார் கட்டாயம் வேண்டும். மேட்டுப் பக்கம் பஸ் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதை நம்பிக் கிளம்ப முடியாது.