ரெண்டு பேருக்கும் சொல்லும்

“தம்பி, நான் பிழையா அடிச்சா இது எனக்குச் சொல்லுமா, முதலாளிக்குச் சொல்லுமா?”

நிலாவெளிப் பக்கம், கரையில் மீனை நிறுத்து வாங்கும் ஒரு வாடியில், வள்ளங்கள் கரைக்கு வரத் தொடங்கிய நேரத்தில், நான் செய்து கொடுத்த கணக்குச் செயலியைப் போனில் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளை ஐயா இப்படிக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “ரெண்டு பேருக்கும் சொல்லும் ஐயா” என்றேன், ஏதோ பெரிய வசதி செய்து கொடுத்தவன் போல. அவர் “ஆ, நல்லம்” என்றுவிட்டுத் தராசுப் பக்கம் போனார்.

இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று மனைவிகூடக் கேட்டாள்.

வாடிக்கணக்கை சி.ஆர். கொப்பி என்கிற தடித்த கணக்குக் கொப்பியிலிருந்து போனுக்கு மாற்றுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. யாருடைய வள்ளம், என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை. சின்னச் செயலி. கந்தோரில் வைத்துப் பார்க்க அழகாகத்தான் இருந்தது: வெள்ளைத் திரை, சாம்பல் எழுத்து. கரையில் அந்த அழகு சூரியன் எழும்பும் வரைக்கும்தான். நம்முடைய பக்கம் வெயில் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். சாம்பல் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஐயா போனைச் சாரத்துக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து வாசித்தார். அடுத்த நாளே எழுத்தைக் கறுப்பாக்கினேன்.

அப்புறம் ஈரக் கை. உப்புத் தண்ணீர்த் துளி கண்ணாடியில் நின்றால் போன் அதையும் விரல் என்று நினைத்துவிடும். 3 அடித்தால் 33 விழும். தொடும் பொத்தான் 48 டிபி (திரையில் அளக்கும் அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் வழிகாட்டல். மீன் செதில் ஒட்டிய பெருவிரலுக்கு அது எந்த மூலைக்கு? இரண்டு மடங்காக்கினேன். ‘அறக்குளா’ என்ற மீன் பெயர் பொத்தானுக்குள் அடங்கவில்லை என்று ‘அறக்.’ எனச் சுருக்கினேன். “என்ன தம்பி, அறக்கட்டளையா?” என்று சிரித்தார். பெயருக்குப் பதிலாகப் படம் போட்டேன். நான் எடுத்துப் போட்ட பாரைப் படத்தைப் பார்த்து, சீசனுக்கு நீர்கொழும்பு, சிலாபத்திலிருந்து வந்திருந்த சிங்களப் பொடியன்களும் நம்முடைய ஆட்களும் ஒரே குரலில் “இது எங்கட பாரை இல்லை” என்றார்கள். இரண்டு மொழிக்காரரும் உடனே ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

இதையெல்லாம் நான் ரசித்துச் செய்தேன். மில்லிமீட்டரில் அளக்கக்கூடிய சிக்கல்கள் எனக்குப் பிடிக்கும்.

சோதிக்காமல் கொடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். நானும் ஐந்து பேரிடம் சோதித்தேன். மூன்று பேர் என்னோடு வேலை செய்கிறவர்கள், ஒருவர் முதலாளி, மற்றவர் முதலாளியின் மகன்.

பிழை திருத்தினால் அந்தக் கணக்கு முதலாளியின் போனில் சிவப்பாக வரும், எத்தனை மணிக்குத் திருத்தியது என்பதோடு. கேட்டது முதலாளி. காசு கொடுக்கிறவர் கேட்டால் செய்வதுதானே? கொப்பியிலும் திருத்தம் மறையாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐயா பிழையை ஒரே கோட்டால் வெட்டி, மேலே சரியான கணக்கை எழுதுவார். வெட்டியதும் தெரியும், எழுதியதும் தெரியும். ஆனால் வெட்டும்போது வள்ளக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் தலையாட்டினால் கதை முடிந்தது. என்னுடைய சிவப்பு, அந்த இடத்திலேயே இல்லாத ஒருவரிடம், அவர் மத்தியானம் சோறு சாப்பிடும் நேரத்தில் போய் நின்றது.

மூன்று வாரத்தில் திருத்தங்கள் பூச்சியமாகிவிட்டன. பொத்தானைப் பெரிதாக்கியதன் பலன் என்று முதலாளிக்குக் காட்டினேன். அவரும் சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு நாள் சும்மா போனபோது பார்த்தேன்: தராசுப் பலகைக்குக் கீழே கொப்பி இருந்தது. எல்லாவற்றையும் முதலில் அதில் எழுதி, வள்ளங்கள் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துடைத்த விரலால் ஒவ்வொன்றாகப் போனில் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் எனக்குச் சம்பளம்.

முதலாளியிடம் நான் சொல்லவில்லை. அது ஐயாவுக்குச் செய்த நன்மையா, என் வெற்றியைக் காப்பாற்றிக்கொண்டதா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதலாளி பக்கமும் நியாயம் இருக்கிறது. தராசு 12.4 காட்டியபோது ஐயா 12.5 என்று எழுதியதை நானே ஒரு தரம் கண்டேன். அன்றைக்கு ஐயாவுக்குப் பட்டது அவ்வளவுதான். அது களவா, வாடிப் பழக்கமா? அடுத்த நாள் வேறு யாருக்கோ 12.4 ஆகக் குறைந்திருக்குமோ? எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒரு பக்கத்துக்குச் சாதகமாகப் பொத்தான் வைத்துக் கொடுத்தேன்.

1993-இல் ஆப்பிளில் சேர்ந்த வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் ‘பயனர் அனுபவம்’ என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். திரை மட்டுமில்லை, ஒரு பொருளோடு மனிதருக்கு நேர்வது எல்லாமே அதில் அடங்கும் என்பது அவருடைய எண்ணம். அப்படியானால் ஐயா கேட்ட கேள்வியும், அதற்குள் இருந்த பயமும் அடங்கும்தானே. இதைப் படித்துவிட்டுத்தான் நான் வாடிக்குப் போனேன்.

அடுத்த சீசனில் ஐயா இல்லை. முழங்கால் வருத்தம் என்றார்கள். இருக்கலாம். நான் தோண்டிக் கேட்கவில்லை.

போன மாதம் இன்னொரு வாடிக்காரர் அதே செயலியைக் கேட்டு வந்தார். திருத்தினால் தனக்குத் தெரிய வேண்டும் என்றார் இவரும். சரி என்றேன். என்ன நிறத்தில் போடலாம் என்று கேட்டார். சாம்பல்தான் பார்க்க மரியாதையாக இருக்கும் என்றேன். இவர் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை; விடிந்ததிலிருந்து கரையில், வெயிலில் நிற்கிறவர்.