திராட்சைப் பந்தலில் கோடைக் கவாத்து

போன கோடையில் கொடியை அதன் போக்கில் விட்டிருந்தேன். பந்தல் முழுக்க இலை. அடியில் நின்றால் வானம் தெரியாது. ஆனால் பாதிக் குலைகளில் சாம்பல் நோய் வந்து, காய்கள் வெடித்து விதை தெரிந்தது. காற்றோட்டமில்லாத நிழல் இருந்தால் போதும், இலை நனையாமலே இந்தப் பூசணம் பரவிவிடும். அதனால் இந்த வருடம் கத்தரியோடு இறங்கினேன்.

காய் மிளகு அளவு வந்ததும் ஆரம்பித்தேன். அடித்தண்டில் கிளம்பிய துளிர்களைக் கையாலேயே ஒடித்தேன். குலை இல்லாத மெல்லிய கிளைகளில், அடுத்த வருடத்துக்கென்று தண்டை ஒட்டி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன்.

நேரம் பிடித்தது பக்கத் துளிர்கள்தான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் இரண்டு தெரியும்: இப்போதே நீளும் பக்கத் துளிர், அதை ஒட்டி அடுத்த வருடத்துக்காகத் தூங்கும் மொட்டு. அந்த மொட்டுக்குள் குலைக்கான கரு இந்தக் கோடையிலேயே உருவாகிறது. அதற்கு வெளிச்சம் பட வேண்டும். துளிரை அடியோடு பிய்த்தால் மொட்டு காயப்படலாம், அகாலத்தில் முளைத்தும் விடலாம். ஓர் இலை விட்டுத்தான் வெட்டினேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கத்தரி பிடிக்கும் விதமே மாறிவிட்டது எனக்கு.

குலைக்கு மேலே 12 இலை எண்ணி நுனியைக் கிள்ளினேன். காய்க்கு இனிப்பைச் சேர்ப்பது இலைதானே.

தவறு நடந்தது குலையைச் சுற்றிய இலைகளில். கிழக்குப் பக்கம் எடுத்தது சரி. காலை வெயில் இதமானது. அந்த வேகத்தில் மேற்கிலும் எடுத்துவிட்டேன். நான்காம் நாள் 5 குலைகளில் வெயில் பட்ட பக்கம் மட்டும் காய்கள் பழுப்பேறிச் சுருங்கியிருந்தன. நிழலில் வளர்ந்த தோல் திடீர் மதிய வெயிலைத் தாங்கவில்லை. பார்க்கவே மனசு கேட்கவில்லை. அன்றே மேற்கில் நிழல்வலை கட்டி, வெந்த காய்களைச் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்தப் பக்கம் பக்கத் துளிர்களை வெட்டாமல் விட்டேன். மூன்று வாரத்தில் அவையே குடையாகிவிட்டன.

தண்ணீர் வேருக்கு மட்டும், ஆழமாக. மேலே காய்ந்த சருகு மூடாக்கு. காய் நிறம் மாறத் தொடங்கியதும் குறைத்தேன், ஆனால் அடியோடு நிறுத்தவில்லை. காய்ந்த மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் காய் வெடிக்கும்.

இன்று எண்ணியபோது 31 குலைகள். சாம்பல் நோய் இரண்டில் மட்டும், அதுவும் பந்தல் இன்னும் அடர்த்தியாக இருக்கும் மூலையில். நிறம் முழுசாக ஏறிவிட்டது, ஆனாலும் பறிக்கவில்லை. திராட்சை பறித்த பிறகு பழுக்காது. குலையின் நுனிக் காயை மட்டும் தினமும் ஒன்று கிள்ளிச் சுவைத்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் கொஞ்சம் புளிக்கிறது.