1883-ஐ விமர்சகர்கள் பாத்ததும் எங்க அப்பத்தா பாத்ததும்

லீவுக்கு கூடலூர் போயிருந்தேன், நீலகிரி கூடலூர் இல்ல, லோயர் கேம்ப் பக்கத்துல இருக்கே தேனி கூடலூர், அங்க சித்தப்பா பையன் லேப்டாப்ல '1883' மொத்தம் பத்து எபிசோடும் இருந்துச்சு, சரின்னு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் போட்டு உக்காந்தா அப்பத்தாவும் பக்கத்துல வந்து உக்காந்துருச்சு. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது அதுக்கு. ஆனா ஸ்கிரீன்ல மாட்டு மந்தை வந்ததும் எந்திரிக்கவே இல்ல.

தெரியாதவங்களுக்கு, இது மொண்டானாவுல மாட்டுப் பண்ணை வச்சிருக்குற டட்டன் குடும்பத்த பத்துன யெல்லோஸ்டோன் தொடரோட முன்கதை. டெய்லர் ஷெரிடன் எழுதுனது, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2022 பிப்ரவரியில முடிஞ்சது. டெக்சாஸ்ல ஃபோர்ட் வொர்த்ல இருந்து ஒரேகானுக்கு வண்டி கட்டிக்கிட்டு ஒரு கூட்டம் கிளம்புது, அதுல டட்டன் குடும்பம் ஒண்ணு. அப்பா அம்மாவா டிம் மெக்ராவும் ஃபெய்த் ஹில்லும், நிஜத்துலயும் புருசன் பொண்டாட்டிதான், ரெண்டு பேருமே பாட்டுக்காரங்க. கூட்டத்த வழி நடத்துற ஷே பிரென்னனா சாம் எலியட். அந்த மனுசனுக்கு எல்லாரும் ஒரே குரல்ல பாராட்டு, 2023ல நடிகர் சங்கத்தோட எஸ்ஏஜி விருதும் கெடச்சது. முதல் எபிசோடுல அம்மை நோயில போன பொண்டாட்டி பிள்ளைய வீட்டோட வச்சு கொளுத்திட்டு நிப்பாரு பாருங்க, அந்த முகத்துக்கு எத்தன விருது குடுத்தாலும் தகும்.

விமர்சகர்கள் அடிச்ச அடி முழுக்க எல்சா மேலதான். டட்டன் வீட்டு மூத்த பொண்ணு, பதினேழு பதினெட்டு வயசு, இசபெல் மே நடிச்சிருக்கு, கதைய அவதான் பின்னணியில சொல்லிட்டே வருவா. கவிதை ஜாஸ்தி, கண்ணுக்கு முன்னாடி நடக்குறதையே திரும்ப வாயால சொல்றா, வயசுக்கு மீறின தத்துவம்னு பல பேர் எழுதுனாங்க. அதுல பாதி நியாயம்தான், சில இடத்துல எனக்கே ம்யூட் பண்ணலாமான்னு இருந்துச்சு, காட்சி தானா பேசிட்டு இருக்கும்போது மேல மேல வார்த்தைய கொட்டுறது எழுதுறவனோட பயம்தான். ஆனா அவங்க விட்டுட்டுப் போன ஒண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு மாடு ஓட்டுற பொண்ணு. பாவாடைய விட்டுட்டு பேண்ட் மாட்டிக்கிட்டு குதிரையில ஏறி கௌபாய்களோட சேந்து மந்தைய திருப்புறா, அந்த சந்தோசத்துலதான் அவ்வளவு பேச்சும் வருது. அப்பத்தா அந்த சீன்ல, "ஏத்தா, நாங்களும் சீலைய தூக்கிச் சொருவிக்கிட்டுத்தான மல ஏறுனோம்"னு சொல்லிச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி மலைமாடு மேச்சது அது, கட்டிக் குடுத்த அன்னிக்கு மந்தைய விட்டு எறங்குனது. அந்த நாலஞ்சு வருசத்த பத்திப் பேசும்போது எங்க அப்பத்தாவும் எல்சா மாதிரிதான், நிறுத்தவே நிறுத்தாது.

அடுத்த குறை, கதை ரொம்ப மெதுவா போகுது, சாவுக்கு மேல சாவுன்னு. ஆறு கடக்குற எபிசோட எடுத்துக்கங்க. பிரேசோஸ் ஆத்தங்கரையில கூட்டத்துல வந்த ஜெர்மன்காரங்க பெட்டி படுக்கையோட நிக்கிறாங்க, பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அப்பத்தா அப்பவே "பாரத்த எறக்காம ஆத்துல எறங்குனா வண்டி முங்கும்"னுச்சு, சொல்லி வாய மூடல, ஷே அதையேதான் சொல்றான், அதுக்கு அவங்க அழுவுறாங்க, ஊர்ல இருந்து கப்பல் ஏத்திக் கொண்டாந்த சாமான் ஆச்சே. இத மெதுவுன்னு நான் சொல்லமாட்டேன். மந்தையோட நடக்குறவங்களுக்கு ஆறும் புல்லும்தான் கதையே.

ரயிலு விசயத்தையும் சில பேர் கேட்டிருந்தாங்க, அது நல்ல கேள்வி. கண்டத்த குறுக்க கடக்குற ரயில் 1869லயே வந்தாச்சு, நார்தர்ன் பசிபிக் பாதைக்கு அதே 1883 செப்டம்பர்ல மொண்டானாலயே கடைசி ஆணி அடிச்சாச்சு, அப்பறம் எதுக்கு வண்டி கட்டணும்? ஆனா கம்பத்துக்கும் குமுளிக்கும் பஸ் ஓடிட்டு இருந்த காலத்துலதான் எங்க தாத்தா மந்தைய நடத்தியே கம்பம்மெட்டு ஏறுனாரு. கேரளா எஸ்டேட்காரங்க சாணிக்கு லாரி அனுப்புவாங்க, ஏலத் தோட்டத்துக்கு, அந்தக் காசுலதான் வருசம் ஓடும். பஸ்ஸோ ரயிலோ இருக்குன்னா எல்லாரும் அதுல ஏறிருவாங்கன்னு இல்ல. (எங்க பள்ளத்தாக்குக்கு பெரியாறு தண்ணி வந்ததே 1895லதான், 1883ல இங்க எப்படி இருந்திருக்கும்னு அந்த ராத்திரி நெனச்சுட்டே படுத்தேன்.)

எனக்கு நிஜமாவே உறுத்துறது வேற. அந்த மண்ணோட ஆளுங்க, அதான் அமெரிக்கப் பழங்குடிங்க, இந்தக் கதையில ஒண்ணு எல்சாவ கட்டிக்கிற ஆளா வர்றாங்க, இல்ல அம்பு விட வர்றாங்க. கடைசியில கிரஹாம் கிரீன் நடிச்ச க்ரோ இனத்துப் பெரியவர்தான் எல்சாவோட அப்பா ஜேம்ஸுக்கு பள்ளத்தாக்க காட்டுறாரு, ஏழு தலைமுறை கழிச்சு எங்க ஆளுங்க திருப்பி எடுத்துக்குவோம்னு சொல்லிட்டு. 2024 டிசம்பர்ல யெல்லோஸ்டோன் முடியும்போது டட்டன் பண்ணைய ஏக்கர் 1.25 டாலருக்கு பழங்குடி ஆளுங்களுக்கே குடுத்துடுறாங்க. அதப் பாத்துட்டு வந்து இத பாத்தா அந்தப் பெரியவர் சீன் ரொம்ப கனமா இருக்கு, ஆனா அஞ்சு நிமிசம்கூட அவருக்கு இல்ல. இதத்தான் விமர்சகர்கள் இன்னும் உரக்க கேட்டிருக்கணும், எல்சா வாய கேட்டத விட.

எல்சா செத்த எபிசோட அப்பத்தா பேசாம பாத்துச்சு. மரத்தடியில அப்பன் மடியில பொண்ணு, எங்க பொதைக்கிறதுன்னு அவ தேர்ந்தெடுத்த எடத்துலயே குடும்பம் தங்கிருது. முடிஞ்சதும் எந்திரிச்சுப் போய் தொழுவத்துல லைட்ட போட்டுட்டு கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துச்சு. காட்டுல மேய்க்க குடுக்குற மேய்ச்சல் பாஸ் நின்னு போனதும் சித்தப்பா மந்தைய வித்துட்டாரு, இப்ப அங்க ஒரே ஒரு பசுதான்.

இப்ப அதே குடும்பத்தோட அடுத்த கதை '1923' ஆரம்பிச்சிருக்கோம், ஹாரிசன் ஃபோர்டும் ஹெலன் மிர்ரனும். மழை இல்ல, புல்லு இல்ல, மாட்டுக்காரங்களுக்கும் ஆட்டுக்காரங்களுக்கும் மலையில சண்ட. ஆப்பிரிக்காவுல ஒரு கதை மொண்டானாவுல ஒரு கதைன்னு செதறிக் கெடக்குன்னு இதுக்கும் குறை சொல்லியிருக்காங்க. அப்பத்தா ஆப்பிரிக்கா வந்தா வெத்தல இடிக்கப் போயிருது. மொண்டானா வந்ததும் திரும்பி வந்து, "எத்தன உருப்படி வச்சிருக்கான் அந்தக் கெழவன்?"னு கேக்குது. நான் ரீவைண்ட் பண்ணி மந்தைய எண்ணிட்டு இருக்கேன்.