பாலாற்றங்கரையிலிருந்து கண்டி ஏரிக்கு

5 ஜனவரி 2025, ஞாயிறு

வேலூரில் இருபத்திரண்டு வருடமாக லாட்ஜ் நடத்துகிறேன். இங்குள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் எங்களிடம் தங்குகிறவர்கள். வங்காளத்திலிருந்து நிறையப் பேர் வருவதால், எங்கள் பக்கம் பாதிக் கடைகளின் போர்டு வங்காள மொழியில் இருக்கும். தள்ளுவண்டிக்காரரே உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் 'ஆலு, பேகுன்' என்றுதான் கூவுவார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் பதிய வேண்டும் என்பதால் எத்தனையோ நாட்டு பாஸ்போர்ட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். என் பாஸ்போர்ட் போன மாதம்தான் கைக்கு வந்தது. அதில் இன்னும் ஒரு முத்திரைகூட விழவில்லை.

பிப்ரவரியில் நானும் என் வீட்டுக்காரரும் இலங்கையில் இருக்கும் கண்டிக்குப் போகிறோம்.

சிங்கப்பூர், துபாய் எல்லாம் விட்டுவிட்டு ஏன் கண்டி என்று எல்லோரும் கேட்கிறார்கள். போன வருடம் கண்டியிலிருந்து ஒரு பெண் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களிடம் பதினேழு நாள் தங்கினாள். வந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, தேத்தண்ணி கிடைக்குமா?" டீக்கு அவர்கள் சொல்லும் அந்த வார்த்தைக்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி அங்கேதான் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகும் வழி அது. தினமும் பார்த்து எனக்குப் பழகிப்போன இடம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம் சொன்னாள்: "நாங்க காலையில நடக்கப் போறது இவர் வெட்டின ஏரியைச் சுத்தித்தான் அக்கா."

கண்டி நகரின் நடுவில் இருக்கும் அந்த ஏரி 1807-இல் இந்த ராஜா வெட்டியது. ஏரி அங்கே, வெட்டியவர் இங்கே. அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்துவிட்டேன், அந்த ஏரியை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும் என்று.

பயணத்துக்குத் தயாராவதையும், தங்க வருகிறவர்கள் சொல்லும் கதைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். முதல்தடவை கிளம்பும் யாருக்காவது உதவும்.

8 ஜனவரி, புதன்

மூன்றாம் நம்பர் அறைக்குக் கொல்கத்தாவிலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார். முட்டி வலி. நாளை மறுநாள்தான் டாக்டர். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று கோட்டையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அகழியைச் சுற்றி நடந்துவிட்டு, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

"இங்கே திப்புவின் பிள்ளைகளை வைத்திருந்தார்களாமே?" என்று கேட்டார்.

ஆமாம். 1799-இல் திப்பு சுல்தான் இறந்தபின் குடும்பத்தையே ஆங்கிலேயர் இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1806 ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்கு முன்னால் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற ஆங்கிலேய அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். அதன்பிறகு திப்புவின் குடும்பத்தை இங்கே வைத்திருக்கப் பயந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. அவர் ஊரில் தர்மதலா முனையில் திப்பு சுல்தான் மசூதி இருக்கிறதாம். கட்டியவர் திப்புவின் கடைசி மகன் குலாம் முகமது. அதன் வாசலில்தான் இவர் முப்பது வருடமாக பஸ் ஏறியிருக்கிறார். அந்த மசூதியைக் கட்டியவர் சின்னப் பிள்ளையாக இருந்தது நம் கோட்டைக்குள் என்று இத்தனை நாள் அவருக்குத் தெரியாது.

வேலூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு போனார்கள். இன்று கல்கத்தாவிலிருந்து வேலூருக்கு வருகிறார்கள். இதை நினைத்துக்கொண்டே இருந்ததில் ராத்திரி தூக்கம் பிந்திவிட்டது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பயணக் குறிப்பு ஒன்று உண்டு. எந்த ஊருக்குப் போவதானாலும், அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் என்ன உறவு என்று முதலில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நூலாவது இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பார்க்கிற இடம் மனசில் நிற்கும்.

13 ஜனவரி, திங்கள், போகி

இன்று இரண்டு பாடம்.

ஒன்று பணம் போன பாடம். இலங்கைக்குப் போக இணையத்தில் முன்கூட்டியே ஈ.டி.ஏ. என்னும் பயண அனுமதி வாங்க வேண்டும். தேடியபோது முதலில் வந்த தளத்தில் கட்டிவிட்டேன். அது தனியார் தளம், பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருந்தது. உண்மைக் கட்டணத்தைவிட ரொம்ப அதிகமாகப் பிடுங்கிவிட்டார்கள். மகள் போனில் பார்த்துவிட்டு, "அம்மா, முகவரி 'ஜிஓவி டாட் எல்கே' என்று முடிகிறதா பார்த்தியா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. எந்த நாட்டு விசாவானாலும் அந்த நாட்டு அரசுத் தளத்தின் முகவரியைத் தேடி, நீங்களே எழுத்தெழுத்தாகத் தட்டிப் போங்கள். கட்டண விதிகள் அடிக்கடி மாறும், அதனால் வேறு யாரோ போன வருடம் கட்டிய தொகையையும் நம்பாதீர்கள். பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

இன்னொன்று கண்டிப் பெண் சொன்னது. பிப்ரவரி 12-ஆம் தேதி கண்டியில் இருக்கிற மாதிரி நாள் குறித்திருந்தேன். வாட்ஸ்அப்பில் சொன்னதும், "அக்கா, அன்னிக்குப் போயா!" என்றாள். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா நாள், நாடு முழுக்க விடுமுறை. அன்று மது விற்கக் கூடாது, இறைச்சிக் கடையும் மூடியிருக்கும், புத்தரின் பல் இருக்கும் கோயிலான தலதா மாளிகையில் நிற்க இடம் இருக்காது. இன்றும் அங்கே போயாதானாம். நமக்கோ பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலம்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு வேலூரிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் ஏறவே முடியாது. அங்கேயும் அப்படித்தான் போல, கோயில்தான் வேறு. தலதா மாளிகைக்குக் கூட்டமில்லாத நாளில் போய் நிதானமாகப் பார்க்க ஆசை. அதனால் பயணத்தை பிப்ரவரி 17-க்குத் தள்ளிவிட்டோம். இலங்கைக்குத் தேதி குறிக்கும்முன் சுவரில் இருக்கும் தினசரி காலண்டரைப் பார்த்தால் போதும், பௌர்ணமி அதிலேயே இருக்கிறது.

தலதா மாளிகைக்கு இன்னும் சில விஷயங்கள்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், வெள்ளை உடை நல்லது, செருப்பு வெளியே. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளவே கூடாது. 2014-இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை விமான நிலையத்திலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அழகுக்கென்று குத்திக்கொண்டது அந்த ஊரில் அவமதிப்பாகிவிட்டது.

17 ஜனவரி, வெள்ளி

பொங்கலுக்கு வந்த ஆம்பூர் சொந்தக்காரப் பையன் திங்கட்கிழமை துபாய் போகிறான், முதல் வேலை. அவன் அம்மா ஒரு டப்பா நிறைய குருமா மசாலா அரைத்துக் கட்டியிருந்தார். வாசனையிலேயே தெரிந்தது. "இதுல கசகசா இருக்கா அண்ணி?" என்றேன். "கசகசா இல்லாம குருமாவா?" என்றார்.

அமீரகத்துக்குக் கசகசா கொண்டுபோகக் கூடாது. அபின் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். மாட்டினால் ஜெயில் வரைக்கும் போகும், தெரியாமல் கொண்டுவந்தேன் என்பது எடுபடாது. சிங்கப்பூரிலும் தடைதான். நம் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு என்று எத்தனை வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள்! அதனால்தான் இதைச் சத்தமாகவே எழுதுகிறேன். அம்மா கட்டிக் கொடுக்கும் பொடியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். அண்ணி கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார். அப்புறம் கசகசா இல்லாமல், பொட்டுக்கடலை சேர்த்து இன்னொரு தடவை அரைத்தார்.

அதேபோல கொப்பரைத் தேங்காய். எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை உண்டு, அதனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். இதை எங்கள் லாட்ஜுக்கு வருகிறவர்களிடமிருந்து கற்றேன். மாத்திரைப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

21 ஜனவரி, செவ்வாய்

மூன்று நாளாக எழுதவில்லை. கூட்டம் அதிகம். நேபாளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது, அவர்கள் வீட்டுப் பையனுக்கு எட்டு வயது. அவன் கைக்கடிகாரத்தில் மணி எங்கள் சுவர்க் கடிகாரத்தைவிடக் கால்மணி நேரம் முன்னால் ஓடியது. கெட்டுப்போய்விட்டது என்று திருத்தப் போனேன், விடவில்லை. அது அவன் ஊர் நேரமாம். உலகத்தில் பெரும்பாலான நாடுகள் கிரீன்விச்சிலிருந்து முழு மணியாகவோ நம்மைப்போல அரை மணியோடோ கணக்கு வைத்திருக்க, நேபாளம் 5 மணி 45 நிமிடம் என்று வைத்திருக்கிறது. கௌரிசங்கர் சிகரத்தை ஒட்டிய கணக்கு. நம் மணி உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரை வைத்து, அவர்கள் மணி அவர்கள் மலையை வைத்து. பையன் இங்கே இருக்கும் வரைக்கும் அவன் நேரத்திலேயே சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கென்றே இரண்டு கதைகள் இருக்கின்றன. 1519-இல் மகெல்லன் என்ற கடலோடி 5 கப்பல்களோடு ஸ்பெயினிலிருந்து கிளம்பினார். உலகைச் சுற்றி முடித்துத் திரும்பியது ஒரே கப்பல், விக்டோரியா. அதில் பிகாஃபெட்டா என்ற இத்தாலிக்காரர் நாள் தவறாமல் குறிப்பு எழுதி வந்தார். 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவில் கரைக்குப் போனவர்களிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டு வரச் சொன்னார். அங்கே வியாழன். இவர் குறிப்பில் புதன். ஒரு நாள்கூட விடாமல் எழுதிய மனுஷர், எப்படித் தப்பும்? தப்பவில்லை. சூரியன் போகும் திசையிலேயே மேற்கு நோக்கி உலகம் முழுக்கச் சுற்றியதில், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழு நாள் கரைந்துபோயிருந்தது.

இன்னொன்று சமோவா. பசிபிக் நடுவில் சின்ன நாடு. 1892-இல் அமெரிக்காவோடு வியாபாரத்துக்காக, தேதி மாறும் கற்பனைக் கோடான நாள்கோட்டின் அந்தப் பக்கம் சேர்ந்தார்கள், அதனால் ஜூலை 4 இரண்டு தடவை வந்தது. 2011-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வியாபாரம் முக்கியமாகிவிட, இந்தப் பக்கம் திரும்பினார்கள். டிசம்பர் 29 வியாழன் முடிந்ததும் டிசம்பர் 31 சனி. அந்த வெள்ளிக்கிழமை அங்கே வரவே இல்லை. அந்த நாட்டில் யாருடைய நாட்குறிப்பிலும் 2011 டிசம்பர் 30 என்ற பக்கத்தில் எழுத எதுவும் இருந்திருக்காது.

இதையெல்லாம் சொன்னதும் நேபாளப் பையன் கேட்டான்: "அன்னிக்குப் பிறந்தநாள் இருந்தவங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

30 ஜனவரி, வியாழன்

இன்று ராஜா இறந்த நாள். 1832 ஜனவரி 30. விடியற்காலையிலேயே முத்து மண்டபத்துக்குப் போய்விட்டேன், கையில் கொஞ்சம் சாமந்தி.

ஆற்றில் மணலும் முள்ளும்தான், ஓரமாகக் கொஞ்சம் ஈரம். ராஜாவுக்கும் குடும்பத்தாருக்கும் இங்கே சமாதிகள் இருக்கின்றன. சுற்றி மண்டபம் கட்டியது 1990-இல்.

கண்டியில் அரசாண்டாலும் அவர் மதுரை நாயக்கர் வழியில் வந்தவர். கண்ணசாமி என்று பெயர். பதினெட்டு வயது வாக்கில் பட்டத்துக்கு வந்தார். 1815 பிப்ரவரி 18-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார், மார்ச் 2-இல் கண்டிப் பிரபுக்கள் அவர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1816 ஜனவரியில் கப்பலேற்றிச் சென்னைக்கும், அங்கிருந்து வேலூருக்கும் கொண்டுவந்தார்கள். அப்புறம் பதினாறு வருடம், சாகும் வரைக்கும் இந்த ஊர்தான். அவருடைய சிம்மாசனத்தை இங்கிலாந்தில் விண்ட்ஸர் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள், 1934-இல் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்காலி ஊர் திரும்பிவிட்டது.

சின்ன வயதில் இவரைப் பாவப்பட்ட ராஜாவாக மட்டுமே நினைத்திருந்தேன். கண்டிப் பெண்தான் மீதியைச் சொன்னாள். எஹெலபொல என்ற மந்திரி ஆங்கிலேயர் பக்கம் போய்விட்ட கோபத்தில், 1814-இல் அவருடைய மனைவி மக்களைக் கொல்லச் சொன்னவர் இவர். மூத்த பையன் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிய, சின்னவன் மத்தும பண்டார தானாகவே முன்னால் வந்தானாம். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் அவன் கதை தெரியும். ஏரி வெட்ட ஆட்களைக் கட்டாயமாக இழுத்து வந்ததிலும் ஜனங்களுக்கு மனத்தாங்கல்.

பூவை வைக்கத்தான் வைத்தேன். முதலில் அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஊர் திரும்பாமலே இங்கே கண்மூடியவரை.

16 பிப்ரவரி, ஞாயிறு

நாளைக்குக் கிளம்புகிறோம். காட்பாடியிலிருந்து சென்ட்ரல், அங்கேயே கீழே இறங்கி மெட்ரோ பிடித்தால் நேராக விமான நிலையம். டாக்ஸிக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே இரண்டு வேளை சாப்பிடலாம். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில்தான் போகப் போகிறோம். ஏற வேண்டிய ஸ்டேஷனின் பெயர் கோட்டை. நமக்குக் கோட்டை என்றால் அகழியும் மதிலும். அங்கே அந்தக் காலத்துக் கோட்டை பெரும்பாலும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது என்கிறாள் கண்டிப் பெண்.

செவ்வாய்க்கிழமை, 18-ஆம் தேதி காலை, ஏரிக்கரையில் இருப்போம். அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். அவளுடைய அப்பா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறாராம், அவரும் வருவார்.

பெட்டியில் இரண்டு வெள்ளைப் புடவை, மூன்று முனை பிளக்குக்கு ஓர் அடாப்டர், ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா. பேடா கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.

லாட்ஜை நாத்தனார் பார்த்துக்கொள்வார். அவருக்கு எழுதி வைத்த சீட்டு இது: சி படிவம் அன்றன்றைக்கே பதிய வேண்டும். ஐந்தாம் அறை ஸ்டவ் பர்னர் மாற்ற ஆள் வருவார். மூன்றாம் அறை கொல்கத்தா அம்மாவுக்கு வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள், ஆட்டோவுக்கு சொல்லி வைத்திருக்கிறேன். ஏழாம் அறைத் தாத்தாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வெந்நீர், கேட்க மாட்டார், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.