நாகமலையடியில் ஒரு 40 மீட்டர் ஆன்டெனா

40 மீட்டர் அலைநீளப் பட்டை எனப்படும் 7 மெகாஹெர்ட்ஸில் அமெச்சூர் வானொலியாளர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டில், கணினியை வானொலிப் பெட்டியாக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 என்ற யுஎஸ்பி டாங்கிளை மடிக்கணினியில் செருகி, 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதற்கான டைரக்ட் சாம்ப்ளிங் முறையைத் தேர்ந்து, ஜன்னலில் 5 மீட்டர் ஒயரைத் தொங்கவிட்டு முதலில் முயன்றேன். மதுரை வானொலியின் 1269 கிலோஹெர்ட்ஸ் தெளிவாகக் கேட்டது. 7 மெகாஹெர்ட்ஸில் வெறும் இரைச்சல்தான்.

நீளம் போதவில்லை என்று எண்ணி அரையலை டைபோல் கட்டினேன்; நடுவிலிருந்து இரு பக்கமும் சம நீள ஒயர்க் கைகள் நீளும் ஆன்டெனா அது. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும்; 7.1-க்கு ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 10. மொட்டை மாடியின் நீளம் 12 மீட்டர்தான் என்பதால், தெற்கு ஓரத்தில் ஜிஐ குழாயை நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒரு கையை வடக்குக் கைப்பிடிச் சுவருக்கும் மற்றதைத் தோட்டத்துத் தென்னைக்கும் இழுத்தேன். காற்றில் மரம் ஆடினால் ஒயர் அறுந்துவிடும். ஆகவே அந்த முனையில் பிவிசி குழாய்த் துண்டைக் கோத்து, நைலான் கயிற்றைத் தொய்வாக விட்டேன். நிலையங்கள் வலுவடைந்தன, இரைச்சலும் கூடவே ஏறியது.

காரணம் மாதாந்திர மின்தடை நாளில் விளங்கியது. இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுப் பேட்டரியில் மடிக்கணினியை இயக்கியபோது, திரை முழுவதும் மஞ்சளாகப் படர்ந்திருந்த இரைச்சல் மறைந்து, நிலையங்களைக் காட்டும் மெல்லிய கோடுகள் தனித்தனியே தெரிந்தன. இந்தப் பட்டையில் பேச்சுக்குப் பயன்படும் எல்எஸ்பி (கீழ்ப்பக்கப்பட்டை) முறையில் ஒரு கோட்டின் மேல் வைத்ததும், இருவர் தத்தம் ஊரில் பெய்த மழையைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருந்தது கணீரென்று கேட்டது. அந்தக் காலை நேரத்தை என்னால் மறக்க முடியாது.

மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தேன். மாடிப்படி எல்இடி பல்பும் ஒரு மலிவான செல்போன் சார்ஜரும்தான் பெரும் இரைச்சலை எழுப்பின. இரண்டையும் மாற்றிய பிறகும் எஞ்சியது, ஆன்டெனாவையும் டாங்கிளையும் இணைக்கும் கேபிளின் வெளிப்பின்னல் வழியே வீட்டு இரைச்சல் ஆன்டெனாவுக்கு ஏறியதால் வந்தது. டைபோலின் நடுவில் ஃபெரைட் என்ற காந்தப்பொருளாலான வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்று சுற்றியதும் அது சுமார் 10 டெசிபல் தணிந்தது. இப்போது இரவில் 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேரக்குறி நிலையத்தின் நொடித்துடிப்புகூடக் கேட்கிறது.

ஐப்பசி இடி மின்னலுக்கு முன்பாக, கேபிளை ஜன்னலுக்கு வெளியிலேயே கழற்றிவைக்க ஒரு கனெக்டர் பொருத்த வேண்டும்.