விறகைப் பார்த்து கெர் பிடித்த கதை

மங்கோலியாவின் தெர்ஹீன் சகான் ஏரிக்கரையில் முதல் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட் கடைசி வாரம். ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட், அதற்கும் மேல் அவர்கள் கொடுத்த ரஜாய், அப்படியும் பல் தந்தியடிக்கிறது. மாலையில் கொடுத்த ஒரு கூடை விறகு ஒன்பது மணிக்கே தீர்ந்து, நடுவில் இருந்த தகர அடுப்பு ஜில்லிட்டுக் கிடந்தது. போர்வைக்குள்ளிருந்தே நண்பன் கேட்டான், "ஏரி வியூ எப்படிடா இருக்கு?"

கேட்பான். இடத்தைப் பிடித்தவன் நான்தானே. தலைநகர் உலான்பாத்தரில் இருந்தபோதே ஃபேஸ்புக்கில் தேடி, தண்ணீரை ஒட்டி வரிசையாக வெள்ளை கெர்கள் நிற்கும் படத்தில் மயங்கி முன்பணம் கட்டியாயிற்று. (கெர் என்பது மரச்சட்டத்தின் மேல் கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம், மேய்ச்சல்காரர்களின் வீடே அதுதான்.) தலைநகரிலிருந்து மேற்கே 600 கிலோமீட்டருக்கும் மேல், உயரம் 2,060 மீட்டர் என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வுதானே என்று ஒரு அலட்சியம். ஊட்டி இருப்பது 11 டிகிரி அட்சரேகையில், இந்த ஏரி 48-இல், அதைத்தான் யோசிக்கவில்லை.

காலையில் எங்கள் முகத்தைப் பார்த்ததும் டிரைவர் சிரித்துவிட்டார். அவரை நாங்கள் 'ஆஹ்' என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் என்று அர்த்தம், வயதில் மூத்த ஆண்களை அங்கே எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். வண்டியில் ஏறச் சொல்லி, ஒவ்வொரு இடமாகப் போய் நேரில் பார்க்கலாம் என்று சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலுமாகச் சொன்னார். செப்டம்பர் நெருங்கும்போது கூட்டம் இருக்காது, முன்பதிவே தேவையில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். முதலில், வண்டியைத் தள்ளியே நிறுத்திவிட்டு, இறங்காமல் "நோஹோய் ஹோர்!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். நாயைப் பிடியுங்கள் என்று பொருள். நாயே இல்லாத வீட்டுக்கும் இதுதான் வணக்கம். அப்புறம் அவர் நேரே போனது கெருக்குப் பின்னால், விறகுக் குவியலைப் பார்க்க. பிளந்து அடுக்கியிருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டிப் பார்த்தார். 'டங்' என்று சத்தம் வந்தால் சரி. ஏரி இருக்கும் ஆர்ஹான்காய் மாகாணத்தில் லார்ச் மரக் காடு உண்டு, அதனால் விறகு. காடில்லாத பக்கம் போனால் மாட்டு வறட்டிதான், நம்மைப் போல் தட்டிக் காயவைப்பதில்லை, புல்வெளியில் தானாகக் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி வருகிறார்கள். எதுவானாலும் அந்த மெல்லிய அடுப்பு பத்து நிமிடத்தில் கெரையே கொதிக்கவைத்துவிடும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அணைந்தும்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி அடுப்பு இருக்கிறதா என்பதல்ல, விடியற்காலையில் யார் வந்து மூட்டுவார்கள் என்பது.

அடுத்து தரை. புல்லின் மேல் அப்படியே விரிப்பா, பலகை போட்டிருக்கிறதா? சுவரின் அடிப்பக்கம் கம்பளி மண்ணைத் தொடுகிறதா? கோடையில் காற்றுக்காக அதைச் சுருட்டிவிடுவார்கள், சில இடங்களில் திரும்ப இறக்கிவிடச் சோம்பல். முதல் ராத்திரி என் காதில் ஊதிய காற்று அந்த இடைவெளியில் வந்ததுதான். கழிப்பறை எங்கும் குழிதான், நடுவில் பிளவு விட்ட இரண்டு பலகை. எவ்வளவு தூரம் என்று மட்டும் நடந்து பார்த்துவிடுங்கள், ராத்திரி நாயும் அதே வழியில்தான் படுத்திருக்கும்.

மூன்று இடம் பார்த்து, கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, மலைச்சரிவை ஒட்டி இருந்த ஒரு குடும்பத்தின் கெரில் தங்கினோம். ஏரி ஒரு கீற்றாகத்தான் தெரிந்தது. வாடகை முதல் இடத்தில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. பணமாகத்தான் வாங்குவார்கள், மாகாணத் தலைநகர் செத்செர்லெகிலேயே துக்ரிக், அதாவது மங்கோலியப் பணம், எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய் வலப்பக்கம் உட்காரப் போனேன், அது சமையல் பக்கமாம், வீட்டுப் பாட்டி கையைக் காட்டி இடப்பக்கம் அனுப்பினார்.

சாப்பாட்டு விஷயத்தில் நண்பன் சைவம். "மஹ்குய்", அதாவது இறைச்சி இல்லாமல், என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தான். பாட்டி தலையாட்டிவிட்டு, சுய்வன் நூடுல்ஸிலிருந்து ஆட்டிறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தட்டை நீட்டினார். அவன் உப்புப் போட்ட பால் டீயும் ரொட்டியும் உறைந்த பாலாடையுமாக ஒப்பேற்றினான். அந்தப் பாலாடைக்காக இன்னொரு நாள் தங்கச் சொன்னாலும் தங்குவேன் என்றான், அது வேறு.

மறுநாள் ஆறு மணிக்கு மருமகள் ஒரு கை விறகோடு உள்ளே வந்தார். கதவைத் தட்டும் பழக்கம் அங்கே கிடையாது. நண்பன் அப்போது ஒரு காலில் நின்று பேன்ட் மாட்டிக்கொண்டிருந்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்டியிட்டு அடுப்பை மூட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டோம்.