தொண்ணூற்றைந்து சதவீதம் போதாத வேதியியல்

கரிம வேதியியல் ஆய்வகத்தில் ஒரு வினை 95 சதவீதம் நிறைவேறினால் மாணவர் மனநிறைவோடு வீடு திரும்பலாம். முதுநிலையில் பாலிமர் வேதியியலை, அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவாகும் பெரிய மூலக்கூறுகளைப் பற்றிய பாடத்தை, சிறப்புப் பாடமாக எடுத்த எங்களுக்கு அந்த மனநிறைவு முதல் பருவத்திலேயே பறிபோனது. 1935-இல் டூபாண்ட் ஆய்வகத்தில் நைலானை உருவாக்கிய வாலஸ் கரோதர்ஸின் பெயரால் வழங்கும் சமன்பாடுதான் அதற்குக் காரணம்.

வினை நிறைவேறிய பின்னத்தை ஒன்றிலிருந்து கழித்து, எஞ்சியதைக் கொண்டு ஒன்றை வகுத்தால் சங்கிலியின் சராசரி நீளம், அதாவது அதில் கோத்த சிறு அலகுகளின் எண்ணிக்கை, கிடைக்கும். 95 சதவீதத்தில் அது வெறும் 20 அலகு, 99-இல் 100, 99.5-இல் 200. கடைசி அரை சதவீதம் மட்டுமே, அதுவரை வந்த நீளத்தை இரட்டிப்பாக்குகிறது. இதுவும் நைலானின் இரு மூலப்பொருள்களான அமீனும் அமிலமும் சரிசமமாக இருந்தால்தான். இரண்டில் ஒன்று ஒரு சதவீதம் மிகுந்துவிட்டால், வினை முற்றிலும் முடிந்தாலும் சங்கிலி சராசரியாக 201 அலகைத் தாண்டாது. நைலான் 6,6 தயாரிக்கும் ஆலைகள் முதலில் இரண்டையும் சேர்த்து உப்பாகப் படிகமாக்கிக்கொள்வது இந்தச் சமநிலைக்காகவே.

ஆய்வகத்தில் நாங்கள் செய்த நைலான் 6,10-க்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த டைஅமீன் நீர்க்கரைசலின் மேல், செபகாயில் குளோரைடு (அமிலத்தின் இடத்தில் வினைபுரிவது) கரைந்த ஹெக்சேனைப் பீக்கரின் சுவரோரமாக மெல்ல ஊற்றினால், இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் வெண்படலம் உடனே தோன்றும். இடுக்கியால் அதன் நடுவைப் பிடித்து உயர்த்தினால் ஈரமான கயிறாக எழும்பிக்கொண்டே வரும். எடுக்க எடுக்க அடியில் புதுப் படலம் உருவாகும். வினை எல்லைப்பரப்பில் மட்டும் நடப்பதால், இரு கரைசல்களின் அளவு துல்லியமாகப் பொருந்தாவிட்டாலும் நீண்ட சங்கிலிகளே கிடைக்கின்றன. (கழுவுவதற்கு முன் வெறுங்கையால் தொடக் கூடாது.)

அடுத்த சிக்கல், மூலக்கூறு நிறை ஒற்றை எண்ணாக இல்லாதது. 10,000 நிறையுள்ள ஒரு சங்கிலியும் 1,00,000 நிறையுள்ள ஒன்றும் இருந்தால், மொத்த நிறையைச் சங்கிலிகளின் எண்ணிக்கையால் வகுக்கும் எண்ணிக்கைச் சராசரி 55,000. கனமான சங்கிலிக்கு அதன் எடைக்கேற்ப கூடுதல் பங்கு தரும் எடைச் சராசரியோ ஏறத்தாழ 91,800. இரண்டும் சரியே. இவ்வளவு பெரிய மூலக்கூறுகள் இருக்க முடியும் என்று 1920-இல் எழுதிய ஹெர்மன் ஸ்டாடிங்கரைச் சக வேதியியலாளர் பலர் ஏற்கவில்லை. நோபல் பரிசு அவருக்கு 1953-இல்தான் வந்தது. பாலிமர்களின் பயன்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்புகளில் பாதியைக் குறைத்து, இந்தச் சராசரிகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இந்த நிறையை நாங்கள் அளந்தது உபலோடே பாகுமானி என்ற கண்ணாடிக் கருவியில்; சங்கிலி நீளமானால் கரைசலின் பாகுத்தன்மை கூடி, அது மெதுவாக இறங்கும். வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் அதைச் செங்குத்தாக நிறுத்தி, மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்குக் கரைசல் இறங்கும் நேரத்தைக் குறித்து, பிறகு கரைசலைப் படிப்படியாக நீர்க்கச் செய்து அளவீட்டைத் தொடர வேண்டும். பாகுத்தன்மை செறிவோடு மாறுவதை ஹக்கின்ஸ், கிரேமர் என்ற இரு முறைகளில் வரைந்த கோடுகள் இரண்டும் செறிவு சுழியாகும் இடத்தில் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால், நுண்குழாயில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கரைசலை வடிகட்டி மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.